மேட்டுத் தெருவில் மழைத்தண்ணீர் ஏன் நிற்கிறது?

பிரவீன்,

நீ காரைக்காலிலிருந்து போன் பண்ணினபோது கம்பெனி வேன் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "அப்பறம் பேசறேன்டா" என்று வைத்துவிட்டு ஓடினேன். ஆனால் நீ கேட்டதை என்னால் வைத்துவிட முடியவில்லை. உன் வார்டில் ஒரு பெரியவர், சர்க்கரைக்காரர், நீ கொடுத்த மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதப் போட்டா கிட்னி போயிடுமாமே, நெசமா தம்பி?" என்று கேட்டாராம். நீ படித்ததையெல்லாம் சொன்னாயாம். அவரும் தலையை ஆட்டினாராம். நீ அடுத்த கட்டிலுக்குத் திரும்பியதும் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டாராம். "அவருக்குப் புரியற மாதிரி எப்டிம்மா சொல்றது? ஒனக்குத்தான் அதெல்லாம் வரும், சொல்லு" என்றாய்.

எனக்குத்தான் வரும் என்று நீ சொன்னாயே, அந்த ஒரு வார்த்தைக்கு வேனில் திருபுவனையில் இருக்கிற கம்பெனிக்குப் போய்ச் சேரும்வரை நான் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வி, "இன்னாக்கா, புள்ளைக்குப் பொண்ணு பாத்துட்டியா?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? பத்தாவதோடு நின்ற என்னிடம், அரசாங்க ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சட்டை போட்டு நர்ஸ் வேலை பார்க்கிற என் மகன் பாடம் கேட்கிறான். இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்க வேண்டும் என்றில்லை. உன்னோடு வேலை செய்கிறவர்களுக்குக் காட்டு. நம் தெருப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் நிறுத்தி நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு வருவது என்று நீ நினைக்கிறாயே, அதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். நீ இரண்டாவது படிக்கும்போது வில்லியனூர் தேர் பார்த்துவிட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். பொழுது சாய்ந்து நிலா கிளம்பியிருந்தது. ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "அம்மா, நெலா ஏன் நம்ம கூடவே வருது?" என்று கேட்டாய். எல்லா அம்மாக்களும் சொல்கிறதைத்தான் நானும் சொன்னேன். "நம்மள வூட்டுல பத்திரமா கொண்டாந்து வுடறதுக்குடா." அதோடு தூங்கிவிடுவாய் என்று பார்த்தால், மறுநாள் காலையில் சோற்றுத்தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாய். முந்தின நாள் அதே நேரம் பாகூர் பஸ்ஸில் போன உன் பெரியப்பா மகன் சதீஷிடம் கேட்டாயாம். நிலா தன்னோடுதான் வந்தது என்று அவன் சத்தியம் செய்தானாம். "ஒரு நெலா எப்டிம்மா ரெண்டு பஸ் கூட போவும்? நீ பொய் சொல்ற" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. அடிக்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு உண்மையைச் சொன்னேன்: "எனக்குத் தெரியலடா. அடுத்த வாட்டி பஸ்ல போறப்ப ரெண்டு பேரும் பாக்கலாம்."

பார்த்தோம். ரோட்டோரப் புளியமரம் சர்ரென்று பின்னால் ஓடியது. வயலுக்கு நடுவில் நின்ற பனைமரம் மெதுவாக நகர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கெல்லாம் அப்பால், அடிவானத்தில் தெரிந்த ஒரு செல்போன் டவர் நகர்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. நீ மரத்தையும் டவரையும் நிலாவையும் மாறி மாறிப் பார்த்தாய். பிறகு என் முழங்கையைப் பிடித்து இழுத்து, "தூரமா இருந்தா மெதுவா போவுதும்மா. நெலா ரொம்ப ரொம்ப தூரம். அதான் போவவே இல்ல. அது நம்ம கூட வர்ல, நாமதான் அப்டி நெனச்சிக்கறோம்" என்றாய். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாய். ஒரு விஷயத்தைப் புரிய வைப்பது என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் சொன்னது எதுவும் உனக்குள் போகவில்லை. உன் கண்ணால் பார்த்த புளியமரமும் பனைமரமும்தான் உள்ளே போயின. நான் கூட உட்கார்ந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ அதற்குள் நின்றாய். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நான் பார்த்தது உனக்குத் தெரியாது.

நம் காலனித் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் உண்டு. குழாயில் தண்ணீர் கிடையாது. ஊர்த்தெருவைத் தாண்டி, ஏரிக்கரைப் பக்கம், ஊரின் கடைசியில் இருக்கிறோம். பள்ளிக்கூடத்துப் பக்கம் இருக்கிற டேங்க்கிலிருந்து வருகிற தண்ணீர் ஊர்த்தெருவோடு நின்றுவிடும். கேட்டால் ஒரே பதில்தான்: "ஒங்க தெரு மேடு. தண்ணி ஏறாது." டேங்க் ஆபரேட்டர் ஏழுமலை சொன்னார். தண்ணி ஆபீஸில் சொன்னார்கள். கொஞ்ச நாளில் நாங்களே சொல்ல ஆரம்பித்துவிட்டோம். சம்பந்தம் பேச வந்தவர்களிடம்கூட, "இங்க கொஞ்சம் மேடுங்க, அதான்" என்று சொல்லிவிட்டு, கரும்புத் தோட்டத்து மோட்டாரில் பிடித்து வந்த தண்ணீரைக் கொடுப்போம். அந்த மோட்டார் ஓடுகிற நேரம் யாருக்கும் தெரியாது. சத்தம் கேட்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சைக்கிளின் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டி வரப்பில் தள்ளிக்கொண்டு வந்து, வேனைத் தவறவிட்டு, கம்பெனியில் பாதி நாள் போன கதை நம் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் உண்டு. குழாயில் மாட்டியிருந்த திருகுகளைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டோம். மிச்சம் நின்ற மொட்டைக் குழாயில் நான் ஆட்டைக் கட்டினேன். கட்டுவதற்கு அதைவிடத் தோதான முளை கிடையாது.

நீ நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, ஐப்பசி மழைக்கு லீவு விட்டு வீட்டுக்கு வந்திருந்தாய். தெருவில் முழங்கால் தண்ணீர். நம் வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டது. நீ கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாய். அப்பா ஓட்டின் சந்தில் பிளாஸ்டிக் தாளைச் செருகிக்கொண்டிருந்தார். நான் அலுமினிய அன்னக்கூடையால் தண்ணீரை மொண்டு மொண்டு வாசலில் கொட்டிக்கொண்டிருந்தேன். நீ புத்தகத்தை மூடிவிட்டு என்னையே பார்த்தாய்.

"அம்மா, நம்ம தெரு மேடுதான?"

"ஆமாண்டா. தெரியாத மாதிரி கேக்கற?"

"அப்ப ஊர்த்தெருவுல வுழுந்த மழ அங்க நிக்காம, மேட்டுல ஏறி நம்ம வூட்டுக்குள்ள வந்து இன்னா பண்ணுது?"

நான் கூடையோடு அப்படியே நின்றேன். "மழத்தண்ணி வேற, கொழாத்தண்ணி வேற" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீயும் சிரித்தாய். "ரெண்டும் தண்ணிதானம்மா" என்றாய். அத்தனை வருஷம் மழைக்காலத்தில் தண்ணீரை வாரிக் கொட்டினோம், வெயில் காலத்தில் தண்ணீருக்கு அலைந்தோம். இரண்டையும் செய்தது இதே கைதான். ஒருநாளும் இதை அதோடு சேர்த்துப் பார்த்ததில்லை. சேர்த்துப் பார்க்க விடாமல் எங்களைத் தடுத்தது எது என்று இப்போதும் யோசிக்கிறேன். அலைகிறவளுக்கு நின்று யோசிக்க நேரம் இருப்பதில்லை என்பது ஒன்று. பெரிய இடத்தில் இருப்பவர்கள் ஒன்றைச் சொன்னால் அது அளந்து பார்த்துச் சொன்னதாகத்தான் இருக்கும் என்கிற நம்பிக்கை இன்னொன்று.

அப்பா சிரிக்கவில்லை. ஏணியிலிருந்து இறங்கி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தார். "வேணாம்டா பிரவீனு. நான் இப்ப கலியபெருமாள் ஐயா வூட்டு வேலைல நிக்கறேன். பாதி கூட முடியல. ஊர்த்தெருவுல ஒரு வார்த்த தப்பாப் போச்சின்னா, அப்பறம் மேஸ்திரின்னு ஒருத்தனும் என்னிய கூப்புட மாட்டான்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஊர்த்தெருவின் மாடி வீடுகள் பாதி உன் அப்பா கட்டியவை. அந்த வேலையில்தான் நீ படித்தாய். நீ பதிலுக்குப் பதில் பேசவில்லை. "நான் யாரையும் ஒண்ணும் சொல்லலப்பா. மேடா பள்ளமான்னு மட்டும் பாக்கறேன்" என்றாய்.

மழை விட்டதும் தண்ணி ஆபீஸுக்குப் போனாய். அங்கே புதிதாக வந்திருந்த இன்ஜினியர், ஜே.இ. என்பார்கள், ஒரு பெண். நீ கேட்டதும் அவருக்குக் கோபம் வரவில்லையாம். "எனக்கு முன்னாடி இருந்தவங்க மேட்டுப் பகுதின்னு சொன்னாங்க. நானும் அதையேதான் சொல்லிட்டு இருக்கேன் தம்பி. அளந்து பார்த்ததில்லை" என்றாராம். சனிக்கிழமை வருகிறேன், ஆனால் மட்டம் பார்க்கிற கருவி வேறு வேலைக்குப் போயிருக்கிறது என்றாராம். "எங்க வூட்டுல லெவல் டியூப் இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தாய்.

சனிக்கிழமை காலையில் நடந்ததை நீ கவனித்தாயா என்று தெரியாது. அப்பா வேலைக்குப் போகும்போது கரணை, மட்டக்கோல், தூக்குக்குண்டு எல்லாவற்றையும் பையில் எடுத்துப் போட்டார். ஆணியில் சுருட்டி மாட்டியிருந்த அந்த லெவல் டியூபைக் கையில் எடுத்தார். கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு மறுபடி ஆணியிலேயே மாட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கிளம்பிப் போனார். அவரால் வர முடியாது. ஆனால் டியூபைக் கொண்டுபோகவும் மனசில்லை. நான் அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே வேனுக்கு வரவில்லை என்று கம்பெனிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். டியூபின் இன்னொரு முனையைப் பிடிக்க உனக்கு ஒரு ஆள் வேண்டுமே. கம்பெனிக்குப் போவதற்கு முன்னால் உன் அப்பாவுக்குச் சித்தாளாக இருந்தவள் நான். எத்தனை வீட்டு அஸ்திவாரத்துக்குப் பிடித்திருக்கிறேன்.

டேங்க் காலடியில் ஆரம்பித்தோம். தண்ணீர் நிரப்பிய டியூபின் ஒரு முனை உன் கையில், மறுமுனை என் கையில். உன் பக்கம் தண்ணீர் உன் இடுப்புக்கு நின்றது. நான் டியூப் எட்டிய மட்டும் நடந்துபோய் நிமிர்த்திப் பிடித்தேன். என் பக்கம் நெஞ்சுக்கு வந்தது. இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டம்தான், அதனால் தண்ணீர் உயரமாக நிற்கிற பக்கம் தரை பள்ளம். ஜே.இ. டேப்பை வைத்து இரண்டையும் அளந்தார். பிறகு என் இடத்துக்கு நீ வந்தாய், நான் இன்னும் முன்னே போனேன். ஊர்த்தெருவில் ஒவ்வொரு வாசலாக இப்படியே இறங்கி வந்தோம். ஜன்னல்கள் திறந்தன. "இன்னா அளக்கறாங்க? ரோடு போடப் போறாங்களா?" என்று குரல் கேட்டது. சின்னப் பிள்ளைகள் பின்னால் வந்தன. நான் ஜன்னல் ஜன்னலாகத் திரும்பிப் பார்த்தேன். நான் திரும்பும்போதெல்லாம் டியூபில் தண்ணீரும் ஆடியது. நீ அங்கிருந்து, "மெதுவா, அம்மா. அது அடங்கட்டும். அவசரம் ஒண்ணுமில்ல" என்றாய். ஊசி போடும்போது நோயாளியிடம் பேசுகிற குரல் அது என்று இப்போது தோன்றுகிறது.

நம் தெரு முனைக்கு வந்து சேர்ந்தபோது, ஜே.இ. கூட்டிப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். "ஊர்த்தெருவைவிட இது நல்ல பள்ளம்மா. தண்ணி இங்கதான் முதல்ல வேகமா வரணும்" என்றார்.

சரியாக அங்கேதான் கலியபெருமாள் ஐயாவின் புது வீடு. சாரத்தின்மேல் உன் அப்பா பூசிக்கொண்டிருந்தார். ஐயா கீழே நின்றிருந்தார். "இன்னா மேஸ்திரி, ஒன் சம்சாரமும் புள்ளையும் ரோட்ட அளக்கறாங்க?" என்று மேலே பார்த்துக் கேட்டார். அப்பாவின் கரணை நின்றுவிட்டது. நீதான் போய் ஐயா முன்னால் நின்றாய்.

"ஐயா, ஒங்க வூட்டுல அம்மாவுக்கு ஒடம்பு முடியாம இருந்தப்ப குளுக்கோஸ் ஏத்துனாங்க இல்ல? பாட்டில எங்க மாட்டுனாங்க?"

"மேல, கம்பில."

"மேல மாட்டுனாதான் கீழ எறங்கும். நடுவுல டியூப்ல ஒரு சின்ன உருளை இருக்கும், அதத் திருகுனா சொட்டு நின்னுடும். பார்த்திருப்பீங்க. நம்ம டேங்க்குதான் பாட்டில். ஊர்த்தெரு கட்டில்னா, எங்க தெரு அதுக்கும் கீழ கீது. ஆனாலும் சொட்டு வர்ல. அப்ப எங்கயோ உருளைய திருகி வச்சிருக்காங்க, அவ்ளோதான்."

ஜே.இ.யோடு வந்திருந்த ஆபரேட்டர் ஏழுமலைதான் தலையைச் சொறிந்துகொண்டு, "இங்கதான் ஒரு வால்வு இருந்திச்சி. சிமெண்ட் ரோடு போட்டப்ப மேலயே போட்டு மூடிட்டாங்க" என்றார். "மூடறதுக்கு முன்னாடி அதைத் திருகி வச்சது யாரு?" என்று கேட்டாய். நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நீ என் கையை மெல்ல விலக்கிவிட்டு, "சண்டைக்கு கேக்கலம்மா. எதுக்கு மூடுனாங்கன்னு தெரிஞ்சாதான் மறுபடியும் மூடாம இருக்கலாம்" என்றாய்.

கலியபெருமாள் ஐயாதான் சொன்னார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். "ஒரு வருசம் கோடைல எங்களுக்கே தண்ணி வர்ல. பள்ளத்துக்கு எல்லாம் ஓடிடுதுன்னு நாங்கதான் சொல்லி மூட வச்சோம். எங்க அப்பாதான் முன்ன நின்னாரு. அப்பறம் தொறக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல." பிறகு உன்னிடம், "இப்ப தொறந்தா எங்களுக்கு நிக்குமாடா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், "அதெல்லாம் ஒண்ணும் குறையாது ஐயா" என்று ஒரு பொய்யைச் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லியிருப்பேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "தெரியாதுங்க ஐயா. தொறந்தாதான் தெரியும். ஒருவேள குறையும். குறைஞ்சா நேரத்தப் பிரிச்சிக்கலாம்." அவர் அங்கிருந்து நகரவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ரோட்டை உடைக்க ஆள் அனுப்ப ஒரு வாரம் ஆகும் என்று ஜே.இ. தயங்கினார். அப்போது சாரத்திலிருந்து ஒருவர் இறங்குகிற சத்தம் கேட்டது. உன் அப்பா. கையில் கடப்பாரை. முதலாளியைப் பார்த்து, "ஐயா, ஒரு மணி நேரம் வுடுங்க. வந்து பூசிடறேன்" என்றார். பிறகு ஜே.இ.யிடம், "எடத்தக் காட்டுங்கம்மா. நான் ஒடைக்கறேன். மறுபடியும் நானே பூசிக் குடுத்துடறேன்" என்றார்.

நான் உன் அப்பாவோடு குடும்பம் நடத்திய இத்தனை வருஷத்தில் அவரை அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை. கல்யாணப் பந்தலில்கூட இல்லை.

வால்வு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அப்பா ஒரு பக்கமும் ஏழுமலை ஒரு பக்கமும் கம்பியைக் கோத்துத் திருகினார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நம் தெரு முழுக்க, வீட்டுக்கு வீடு, குழாய்களிலிருந்து உஸ் என்று காற்று வந்தது. இருமுகிற மாதிரி ஒரு சத்தம். காவி நிறத்தில் கொஞ்சம் துப்பியது. அதற்குப் பிறகு வந்தது பார், தண்ணீர்! எந்தக் குழாயிலும் திருகு இல்லையே. வாசல்களில், சமையல்கட்டுக்குப் பக்கத்தில், மாட்டுக்கொட்டகையில், எங்கெங்கே மொட்டைக் குழாய் நின்றதோ அங்கெல்லாம் பீய்ச்சி அடித்தது. நம் ஆடு முகத்தில் தண்ணீர் அடித்ததும் முளையோடு பிய்த்துக்கொண்டு ஓடப் பார்த்தது. செல்வி குழாய் வாயில் உள்ளங்கையை வைத்து அடைத்துக்கொண்டு, "யாராச்சும் குடம் கொண்டாங்கடி! குடம்!" என்று கத்தினாள். குடம் கொண்டு வந்தவர்கள் பிடிக்கவில்லை. ஒருவர்மேல் ஒருவர் ஊற்றிக்கொண்டார்கள். நானும்தான். புடவை முழுக்க நனைந்து தெரு நடுவில் நின்று, இவன் என் மகன், என் மகன் என்று யாரிடம் சொல்கிறேன் என்றே தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஊர்த்தெருவில் மாடிக் குழாய்களுக்கு வேகம் குறைந்தது உண்மை. முணுமுணுப்பும் இருந்தது. ஜே.இ. இரண்டு தெருக்காரர்களையும் உட்கார வைத்து நேரம் பிரித்துக் கொடுத்தார். அப்பா அன்று சாயங்காலமே ரோட்டைப் பூசிக் கொடுத்தார், ஆனால் வால்வுக்கு மேலே திறந்து மூடுகிற மாதிரி ஒரு இரும்பு மூடி வைத்து. கலியபெருமாள் ஐயா சில வாரம் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. நீ ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டாய். நீ வருத்தப்படுவாய் என்று உன்னிடம் சொல்லவில்லை. அப்பா மடுகரைப் பக்கம் வேறு வேலை பார்த்தார். பிறகு ஒருநாள் ஐயாவே நம் வாசலுக்கு வந்து, வண்டியை விட்டு இறங்காமல், "மேல்தளம் அப்டியே கெடக்குது மேஸ்திரி. வர்றியா, இல்ல வேற ஆள் பாக்கட்டா?" என்றார். அப்பா வாசலில் குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டே, "நாளைக்கு வர்றேன்யா" என்றார். கழுவி முடித்த பிறகும் அந்தக் குழாயைக் கொஞ்சநேரம் மூடவில்லை. மழைத்தண்ணீர் இன்னும் நம் தெருவில் நிற்கத்தான் செய்கிறது. அதற்கு ஒரு வடிகால் கேட்டு நாங்கள் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். இப்போது மேடு என்று யாரும் எங்களிடம் சொல்வதில்லை.

இனி உன் பெரியவர். சரியா தப்பா என்று நீதான் பார்க்க வேண்டும். நான் உடம்பைப் படித்தவள் இல்லை. அவரிடம் முதலில் எதையும் சொல்லாதே. கேள். மாத்திரை போட்டு யாருக்குக் கிட்னி போனது, எங்கே பார்த்தார் என்று கேள். கட்டாயம் ஒருவர் இருப்பார், தம்பியோ மச்சானோ. அந்தத் தம்பிக்கோ மச்சானுக்கோ சர்க்கரை வந்து எத்தனை வருஷம் கழித்து மாத்திரைக்குப் போனார் என்று கேள். நம் ஆட்கள் சீக்கிரம் போகமாட்டோம், உனக்கே தெரியும். வேலை கெடும், கூட்டிப்போக ஆள் இருக்காது. வருஷக்கணக்கில் சர்க்கரை ஊறி, கிட்னி பாதி கெட்ட பிறகுதான் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்போம். மாத்திரை கொடுப்பார்கள். கொஞ்ச நாளில் கிட்னி போகும். பார்க்கிறவர்களுக்கு மாத்திரைதான் தெரியும். அதற்கு முன்னால் கழிந்த வருஷங்கள் தெரியாது. குடை எடுத்துப் போன அன்றைக்கெல்லாம் மழை பெய்தது, அதனால் குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்கிற மாதிரி. இதை அவர் மச்சானின் கதையை வைத்தே சொல். அவரே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நில். அவர் கேட்பதில் உனக்குத் தெரியாதது ஏதாவது இருந்தால், தெரியாது, டாக்டரைக் கேட்டு வந்து சொல்கிறேன் என்று சொல். சொன்னபடி போய்ச் சொல். ஆம்பளப் பிள்ளை நர்ஸா என்று உன்னைக் கேலி செய்த சொந்தக்காரர்களே இப்போது எனக்குப் போன் போட்டு, எந்த மாத்திரையை எப்போது சாப்பிடுவது என்று உன்னிடம் கேட்டுச் சொல்லச் சொல்கிறார்கள். நான் கேட்டுச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்துத்தான் சொல்கிறேன், அந்தச் சந்தோஷத்தையும் நான் அனுபவிக்க வேண்டாமா?

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். கம்பெனியில் நாங்கள் பேக்கிங் செய்கிற இடத்தில் உட்கார எதுவும் கிடையாது. காலையில் நின்றால் சாயங்காலம் வரை நிற்க வேண்டும். செல்விக்குப் பாதம் வீங்கிச் செருப்பு நுழையாது. உட்கார்ந்தால் வேலை மெதுவாகும் என்று சூப்பர்வைசர் சொல்வார். நாங்களும் சரி என்று இருந்தோம். போன வருஷம் உன்னிடம் கால் ஏன் வீங்குகிறது என்று கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ என் கெண்டைக்காலைத் தொட்டுக் காட்டி, ரத்தத்தை மேலே தள்ளுகிற மோட்டார் இந்தச் சதைதான், நடந்தால் ஓடும், அசையாமல் நின்றால் ஓடாது, ரத்தம் கீழேயே தங்கிவிடும், உட்காரவும் வேண்டும், அவ்வப்போது எழுந்து நடக்கவும் வேண்டும் என்றாய். அது எனக்குள் கிடந்துகொண்டே இருந்தது. ஒருநாள் மேனேஜர் எங்கள் பக்கம் வந்தபோது, என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"சார், உக்காந்தா வேல மெதுவா ஆவும்ன்றாங்களே, யாராச்சும் உக்காந்து பாத்திருக்காங்களா?"

அவர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். செல்வி டேபிளைப் பார்த்தாள். "இல்ல, பாத்ததில்ல" என்றார் மேனேஜர். "அப்ப ஒரு வரிசைக்கு மட்டும் பாக்கலாம் சார். குறைஞ்சா எடுத்துடுங்க" என்றேன். கெண்டைக்கால் மோட்டார் கதையையும் சொன்னேன், நீ சொன்ன மாதிரியே. அவர் சிரித்தார், ஆனால் போகும்போது தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். எங்கள் வரிசைக்கு மட்டும் உயரமான முக்காலிகள் வந்தன. வேலை குறையவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கமாகப் பேக்கிங் தப்பாகிக் கெடுகிற பெட்டிகள் குறைந்ததாக சூப்பர்வைசரே சொன்னார். போன வாரம் எல்லா வரிசைக்கும் வந்துவிட்டன. செல்வி முதல் நாள் தன் முக்காலியில் ஏறி உட்கார்ந்து, "இன்னாக்கா, கல்யாணப் பொண்ணு மாதிரி கீது" என்றாள்.

நாலைந்து நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிவந்த கடிதம் இது. இப்போது மணி அடிக்கப் போகிறது. எல்லோரும் டப்பாவைக் கழுவிக்கொண்டு வருகிறார்கள். பேனாவை மூடிவிட்டு, இருந்த இடத்திலேயே, உட்கார்ந்தபடியே நான் வேலையைத் தொடங்கப் போகிறேன்.

உன் அம்மா